முதல் உலகப் போர்: துப்பாக்கி வெடிப்பதற்கு முன் நடந்தவை

பத்தாம் வகுப்பு சமூக அறிவியல் தேர்வு நெருங்கும்போது நம் வீடுகளில் ஒரு கேள்வி சத்தமாக ஒப்பிக்கப்படும். "முதல் உலகப் போருக்கான காரணங்கள் யாவை?" கூட்டணிகள், ஆயுதப் போட்டி, காலனிப் போட்டி, தீவிர தேசியவாதம் என்று பிள்ளைகள் வரிசையாகச் சொல்வார்கள். கடைசியில் "உடனடிக் காரணம்: ஆஸ்திரிய இளவரசர் படுகொலை" என்று முடிப்பார்கள். முழு மதிப்பெண் கிடைத்துவிடும்.

மதரஸாவில் ஓதிய காலத்தில் நான் கேட்ட விளக்கம் வேறு. உஸ்மானியக் கிலாஃபத்தை ஒழிப்பதற்காகவே மேற்கத்திய வல்லரசுகள் திட்டமிட்டு இந்தப் போரை மூட்டின என்று பயான்களில் சொல்வார்கள். பிறகு கல்லூரியில் வரலாறு படித்தபோது பாடப்புத்தகத்தில் உஸ்மானியர்களைத் தேடிப் பார்த்தேன். "ஐரோப்பாவின் நோயாளி" என்ற ஒரே வரியில் அவர்கள் கதை முடிந்திருந்தது.

இரண்டு விளக்கத்திலும் ஒரு பாதி காணாமல் போகிறது. 1914-இல் ஐரோப்பா வெடித்ததற்கு உஸ்மானியர்களின் நிலத்தைப் பங்கு போட்டது மிக முக்கியமான காரணம். ஆனால் அதை யாரும் ஒரு மேசையில் அமர்ந்து மொத்தமாகத் திட்டமிடவில்லை. ஒருவன் ஒரு துண்டை எடுத்தான். அதைப் பார்த்து அடுத்தவன் இன்னொரு துண்டை எடுத்தான். எடுத்தவர்களே கடைசியில் ஒருவரோடு ஒருவர் மோதிக்கொண்டார்கள். உஸ்மானிய ஆட்சியாளர்களின் தவறும் இதில் உண்டு. அதையும் மறைக்காமல் பார்ப்போம்.

சரயேவோ யாருடைய ஊர்?

1914 ஜூன் 28, ஞாயிற்றுக்கிழமை. ஆஸ்திரிய-ஹங்கேரிப் பேரரசின் பட்டத்து இளவரசர் பிரான்ஸ் ஃபெர்டினாண்ட் தம் மனைவி சோஃபியுடன் பொஸ்னியாவின் சரயேவோ நகருக்கு வருகிறார். வரும் வழியிலேயே அவர் கார் மீது குண்டு வீசப்படுகிறது. அது பின்னால் வந்த காரின் அருகே வெடித்துச் சிலர் காயமடைகிறார்கள். நகர மன்றத்தில் அவரை வரவேற்கக் காத்திருந்த மேயர் ஃபெஹிம் சூர்ச்சிச் ஒரு முஸ்லிம். என்ன நடந்தது என்று சரியாகப் புரியாத அவர், தயாரித்து வைத்திருந்த வரவேற்புரையையே வாசிக்கத் தொடங்க, இளவரசர் கோபத்தில் இடைமறித்தார். பிறகு காயமடைந்தவர்களைப் பார்க்க மருத்துவமனைக்குப் புறப்பட்டபோது ஓட்டுநர் தவறான தெருவில் திரும்பினார். கார் நின்ற இடத்தில் நின்றிருந்தான் 19 வயது கவ்ரிலோ பிரின்சிப் என்ற செர்பிய இளைஞன். இரண்டு தோட்டாக்கள். கணவன், மனைவி இருவரும் இறந்தார்கள்.

அன்று தெருவில் ஆயுதத்தோடு நின்ற குழுவில் முஹம்மத் மெஹ்மத்பாஷிச் என்ற முஸ்லிமும் இருந்தார். ஹெர்ஸகோவினாவைச் சேர்ந்த தச்சர். இளவரசரின் கார் முதலில் அவரைத்தான் கடந்து போனது. அவர் குண்டை வீசவில்லை. அதே ஊரில் ஒரு முஸ்லிம் வரவேற்புரையோடு காத்திருக்கிறார், இன்னொரு முஸ்லிம் வெடிகுண்டோடு நிற்கிறார். பொஸ்னியாவின் அன்றைய நிலைமை அப்படி.

ஆஸ்திரிய இளவரசருக்கு அந்த ஊரில் என்ன வேலை? பொஸ்னியா 1463-இல் சுல்தான் முஹம்மத் ஃபாத்திஹ் காலத்தில் உஸ்மானிய ஆட்சிக்குள் வந்தது. ரஷ்யாவிடம் உஸ்மானியர்கள் தோற்ற பிறகு 1878-இல் பெர்லினில் வல்லரசுகள் கூடின. பொஸ்னியாவின் நிர்வாகத்தை ஆஸ்திரியாவிடம் ஒப்படைத்தன. பெயரளவுக்கு அது சுல்தானின் நிலம், ஆள்வது மட்டும் வியன்னா என்று ஓர் ஏற்பாடு. அதே ஆண்டு உள்ளே நுழைந்த ஆஸ்திரியப் படையைப் பொஸ்னிய முஸ்லிம்கள் ஆயுதம் ஏந்தி எதிர்த்தார்கள். ஆனால் தோற்றார்கள்.

முப்பது ஆண்டுகள் கழித்து, 1908 ஜூலையில், இஸ்தான்புல்லில் இளம் துருக்கியர்கள் புரட்சி செய்து அரசியல் சட்டத்தை மீட்டார்கள். பொஸ்னியர்களும் உஸ்மானிய நாடாளுமன்றத்துக்கு உறுப்பினர்களை அனுப்ப உரிமை கோரினால் என்ன செய்வது என்று வியன்னா பயந்தது. அக்டோபரில் பொஸ்னியாவை ஒரேயடியாகத் தன்னோடு இணைத்துக்கொண்டது. உஸ்மானிய நகரங்களில் மக்கள் ஆஸ்திரியப் பொருட்களைப் புறக்கணித்தார்கள். அப்போது துருக்கியர் அணிந்த சிவப்புத் தொப்பிகளில் பெரும்பாலானவை ஆஸ்திரியாவிலிருந்து இறக்குமதியானவை. அந்தத் தொப்பிகளைக் கழற்றி எறிந்துவிட்டு உள்ளூர்க் கம்பளித் தொப்பியைப் போட்டுக்கொண்டார்கள். காந்தியின் அந்நியத் துணிப் புறக்கணிப்புக்குப் பல ஆண்டுகளுக்கு முன்பு நடந்தது இது.

உஸ்மானிய அரசு கடைசியில் இழப்பீட்டுத் தொகையை வாங்கிக்கொண்டு ஒப்புக்கொண்டது. செர்பியாவால் அப்படி விட முடியவில்லை. பொஸ்னியாவில் செர்பியர்கள் பெரும் எண்ணிக்கையில் இருந்ததால் அது தனக்குச் சேர வேண்டிய நிலம் என்று செர்பியா நினைத்திருந்தது. செர்பியாவுக்குப் பின்னால் ரஷ்யா நின்றது. ஆனால் 1905-இல் ஜப்பானிடம் தோற்ற களைப்பு ரஷ்யாவுக்கு இன்னும் தீரவில்லை. 1909 மார்ச்சில் ஜெர்மனி மிரட்டியதும் பின்வாங்கியது. இன்னொரு முறை இப்படித் தலைகுனியக் கூடாது என்ற வைராக்கியம் அன்று ரஷ்ய அரசவையில் பிறந்தது. 1914-இல் ரஷ்யா ஏன் பின்வாங்கவில்லை என்று கேட்பவர்கள் இந்த ஐந்து ஆண்டுப் பழைய காயத்தைப் பார்க்க வேண்டும்.

மொராக்கோவிலிருந்து திரிப்போலிக்கு, அங்கிருந்து பால்கனுக்கு

பாடப்புத்தகங்கள் தாண்டிச் செல்லும் கட்டம் இது. என் பார்வையில் எல்லாவற்றிலும் முக்கியமானது இதுதான்.

வட ஆப்பிரிக்காவை ஐரோப்பியர்கள் ஒரு நூற்றாண்டாகவே விழுங்கிக்கொண்டு வந்தார்கள். 1830-இல் அல்ஜீரியா, 1881-இல் துனீசியா பிரான்சுக்கு. 1882-இல் எகிப்து பிரிட்டனுக்கு. 1904-இல் பிரிட்டனும் பிரான்சும் ஓர் உடன்பாடு செய்தன. எகிப்தில் நீ என்னைக் கேட்காதே, மொராக்கோவில் நான் உன்னைக் கேட்கமாட்டேன் என்பதுதான் அதன் சாரம். பின்னாளில் ஜெர்மனிக்கு எதிரான கூட்டணியாக வளர்ந்த நட்பு, இரண்டு முஸ்லிம் நாடுகளின் மேல் போட்ட பேரத்தில்தான் ஆரம்பித்தது. மூன்று ஆண்டுகள் கழித்து பிரிட்டனும் ரஷ்யாவும் சேர்ந்ததும் இதே வழியில்தான். 1907 உடன்படிக்கையில் அவை பாரசீகத்தைச் செல்வாக்கு மண்டலங்களாகக் கோடு போட்டுப் பிரித்துக்கொண்டன. பாரசீகத்தை யாரும் கேட்கவில்லை.

இத்தாலியும் 1902-லேயே பிரான்சிடம் ஒரு வாக்கு வாங்கி வைத்திருந்தது. மொராக்கோ உனக்கு, லிபியா எனக்கு. 1911 கோடையில் பிரெஞ்சுப் படை மொராக்கோவுக்குள் போனது. ஜெர்மனி எதிர்ப்புக் காட்ட அகாதிர் துறைமுகத்துக்குப் 'பாந்தர்' என்ற பீரங்கிப் படகை அனுப்பியது. அப்போதே போர் வந்துவிடும் என்று ஐரோப்பா நடுங்கியது. எப்படியோ சமாதானம் ஆனார்கள். பிரான்ஸ் தன் பங்கை எடுத்துவிட்டதைக் கண்ட இத்தாலி, இனித் தாமதித்தால் தன் பங்கு போய்விடும் என்று 1911 செப்டம்பர் 29 அன்று உஸ்மானியர்கள் மீது போர் அறிவித்தது. சொல்லும்படியான காரணம் எதுவும் இல்லை.

லிபியாவில் இருந்த உஸ்மானியப் படை சிறியது. கடலை இத்தாலியக் கப்பற்படை அடைத்திருந்தது. தரைவழியில் எகிப்து பிரிட்டிஷார் கையில். அதனால் அன்வர், முஸ்தஃபா கமால் போன்ற இளம் அதிகாரிகள் மாறுவேடத்தில் எகிப்தைக் கடந்து போய் ஸனூஸி இயக்கத்தாரோடும் பழங்குடிகளோடும் சேர்ந்து போராடினார்கள். உலகிலேயே விமானத்திலிருந்து முதல் குண்டு வீசப்பட்டது இந்தப் போரில்தான். 1911 நவம்பர் 1 அன்று ஓர் இத்தாலிய விமானி திரிப்போலிக்கு அருகே ஐன் ஸாராவின் மேல் கையால் குண்டுகளை எறிந்தார். காஸாவின் வானத்தைப் பார்த்து இன்று பதறும் நாம், இந்த வழக்கம் எங்கே தொடங்கியது என்பதைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

உஸ்மானியர்கள் லிபியாவில் சிக்கியிருந்ததைப் பால்கன் நாடுகள் கவனித்தன. செர்பியா, பல்கேரியா, கிரீஸ், மாண்டிநீக்ரோ ஆகிய நான்கும் ரஷ்யாவின் ஆசியோடு கூட்டணி அமைத்து 1912 அக்டோபரில் பாய்ந்தன. இரண்டு பக்கமும் போரிட முடியாத இஸ்தான்புல் அரசு அதே மாதம் லிபியாவை இத்தாலிக்கு விட்டுக்கொடுத்தது. அப்படியும் பால்கன் தப்பவில்லை. சில வாரங்களில் ஐந்நூறு ஆண்டுப் பழைய நிலம் கைவிட்டுப் போனது. நவம்பரில் சலோனிகா, மறு ஆண்டு மார்ச்சில் முன்னாள் தலைநகர் எதிர்னே. எதிர்னேயைச் சில மாதங்களில் மீட்டார்கள், மற்றவை திரும்பவில்லை. லட்சக்கணக்கான முஸ்லிம்கள் வீடிழந்து மாட்டு வண்டிகளில் இஸ்தான்புல்லை நோக்கி வந்தார்கள். இந்தியாவிலிருந்து டாக்டர் முக்தார் அஹ்மத் அன்சாரி தலைமையில் ஒரு மருத்துவக் குழு 1912 டிசம்பரில் துருக்கிக்குக் கிளம்பியது இந்த அவலத்தைக் கேட்டுத்தான்.

இந்தத் தோல்வியிலிருந்து இரண்டு விளைவுகள் கிளைத்தன. இரண்டும் 1914-இல் வந்து சேர்ந்துகொண்டன.

முதலாவது செர்பியா. அதன் பரப்பளவு ஏறத்தாழ இரண்டு மடங்காகிவிட்டது. சுல்தான் முராத் 1389-இல் உயிர்நீத்த கோசோவோ களமும் அவர்கள் கைக்கு வந்தது. அந்தப் போரின் நினைவு நாள் ஜூன் 28. அதே நாளில் ஆஸ்திரிய இளவரசர் சரயேவோவுக்கு வந்தது செர்பியத் தேசியவாதிகளுக்கு எப்படி இருந்திருக்கும்! உஸ்மானியரிடமிருந்து எடுத்தாகிவிட்டது, மிச்சம் இருப்பது ஆஸ்திரியாவிடம்தான் என்று அவர்கள் கண்கள் பொஸ்னியாவின் பக்கம் திரும்பின. பிரின்சிப்பின் குழுவுக்கு ஆயுதம் கொடுத்தது செர்பிய ராணுவ உளவுத்துறைத் தலைவர் நடத்திய ரகசிய அமைப்புதான்.

இரண்டாவது இஸ்தான்புல். 1913 ஜனவரியில் லிபியாவிலிருந்து திரும்பிய அன்வரும் அவர் கூட்டாளிகளும் அமைச்சரவைக் கூட்டத்துக்குள் துப்பாக்கியோடு புகுந்து ஆட்சியைப் பறித்தார்கள். பிற்பாடு உஸ்மானியர்களைப் போருக்குள் இழுத்துவிட்டவர்கள் இவர்களே.

பயமும் ரயில் அட்டவணையும்

செர்பியாவை இப்போதே அடக்காவிட்டால் தன் பேரரசே சிதறும் என்று ஆஸ்திரியா நினைத்தது. அதன் தலைமைத் தளபதி கொன்ராட் செர்பியா மீது போர் தொடுக்கப் பலமுறை அனுமதி கேட்டவர். அவருக்குத் தடை போட்டுக்கொண்டிருந்தவர் யார் தெரியுமா? பிரான்ஸ் ஃபெர்டினாண்ட். பிரின்சிப் சுட்டது அந்தத் தடையைத்தான்.

ஜெர்மனியின் பயம் வேறு. ரஷ்யா பிரெஞ்சுக் கடனில் ராணுவ ரயில் பாதைகள் போட்டுக்கொண்டிருந்தது. இன்னும் சில ஆண்டுகளில் அதை வெல்லவே முடியாது, போர் வருமானால் இப்போதே வரட்டும் என்று பெர்லின் தளபதிகள் பேசினார்கள். அவர்களிடம் இருந்த திட்டமும் ஒன்றே ஒன்று. ரஷ்யா மெதுவாகத் திரளும் ஆறு வாரங்களுக்குள் பெல்ஜியம் வழியாகப் பாய்ந்து பிரான்சை முடித்துவிட வேண்டும். அதனால் ரஷ்யாவில் படை திரட்ட ஆணை பிறந்த நிமிடமே ஜெர்மனியின் கடிகாரம் ஓட ஆரம்பித்துவிடும்.

ஜூலை 5 அன்று ஜெர்மனி ஆஸ்திரியாவுக்கு நிபந்தனையற்ற ஆதரவு தந்தது. 23-ஆம் தேதி ஆஸ்திரியா செர்பியாவுக்கு 48 மணி நேரக் கெடு வைத்தது. செர்பியா பெரும்பாலானவற்றை ஏற்றது. தன் மண்ணில் ஆஸ்திரிய அதிகாரிகள் விசாரணை நடத்துவதை மட்டும் மறுத்தது. அந்தப் பதிலைப் படித்த ஜெர்மன் சக்கரவர்த்தி வில்ஹெல்மே, இனிப் போருக்குக் காரணம் இல்லை என்று குறித்து வைத்தார். அன்றுதான், ஜூலை 28-இல், ஆஸ்திரியா போர் அறிவித்தது. 30-இல் ரஷ்யா முழுப் படையையும் திரட்ட ஆணையிட்டது. ஆகஸ்ட் 1-இல் ஜெர்மனி ரஷ்யா மீதும், 3-இல் பிரான்ஸ் மீதும் போர் அறிவித்தது. 4-இல் பெல்ஜியத்துக்குள் நுழைந்தது. அன்றிரவே பிரிட்டன் இறங்கியது. ஆகஸ்ட் 1 அன்று, மேற்கே போகாமல் கிழக்கே மட்டும் படையைத் திருப்ப முடியுமா என்று சக்கரவர்த்தி தம் தளபதி மோல்ட்கேயிடம் கேட்டார். முடியாது, ரயில்கள் எல்லாம் மேற்குக்குத் திட்டமிடப்பட்டுவிட்டன என்று பதில் வந்தது.

பாக்தாத் ரயில் பாதையும் எண்ணெயும்தான் உண்மைக் காரணம் என்று அடிக்கடி எழுதுகிறார்கள். தேதிகள் அதற்கு ஒத்துழைக்கவில்லை. பாக்தாத் ரயில் குறித்துப் பிரிட்டனும் ஜெர்மனியும் 1914 ஜூன் 15-இல் ஓர் உடன்பாட்டுக்கே வந்துவிட்டன. எண்ணெய் விஷயத்தில் ஆசை இருந்தது உண்மை. 1908-இல் பாரசீகத்தின் மஸ்ஜிதே சுலைமானில் எண்ணெய் பொங்கியது. அதை எடுத்த கம்பெனியின் பெரும்பான்மைப் பங்கை வாங்கப் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் 1914 ஜூன் 17-இல், சரயேவோவுக்குப் பதினொரு நாள் முன்பு, ஒப்புதல் தந்தது. போர் தொடங்கியதும் பிரிட்டன் எங்கே ஓடியது என்பதை இது விளக்குகிறது. போர் ஏன் தொடங்கியது என்பதை விளக்கவில்லை.

உஸ்மானியர்கள் ஏன் இறங்கினார்கள்?

தனியாக நின்றால் அடுத்த பங்கீட்டில் அனத்தோலியாவும் போய்விடும் என்ற அச்சம் இஸ்தான்புல்லில் நியாயமாகவே இருந்தது. 1914 மே மாதம் தலஅத் ரஷ்யாவிடமும், ஜூலையில் ஜமால் பிரான்சிடமும் நட்பு கேட்டுப் போனார்கள். கதவு திறக்கவில்லை. மிச்சம் இருந்தது ஜெர்மனி. 1898-இல் டமாஸ்கஸில் சுல்தான் ஸலாஹுத்தீனின் கப்ருக்குப் போய், தாம் உலக முஸ்லிம்களின் நண்பன் என்று பேசியவர் அல்லவா வில்ஹெல்ம்!

நம்மில் பலர் சொல்லும் கதை ஒன்று உண்டு. பொதுமக்களின் நன்கொடையையும் சேர்த்துப் பணம் கட்டி இங்கிலாந்தில் கட்டிய இரண்டு போர்க்கப்பல்களை அமைச்சர் சர்ச்சில் பறித்துக்கொண்டார், அந்தக் கோபத்தில் துருக்கி ஜெர்மனி பக்கம் போனது என்பார்கள். பறித்தது உண்மை, அநியாயம் என்பதும் உண்மை. ஆனால் அன்வர் ஜெர்மன் தூதரிடம் கூட்டணி கேட்டது ஜூலை 22-இல், கப்பல்கள் பறிபோவதற்கு முன்பே. ரகசிய உடன்படிக்கை ஆகஸ்ட் 2-இல் கையெழுத்தானது. அமைச்சர்களில் பலருக்கே அது தெரியாது. பிரதம அமைச்சர் ஸயீத் ஹலீம் பாஷா கையெழுத்திட்டாலும் போரில் இறங்குவதை இழுத்தடிக்கவே பார்த்தார். அக்டோபர் 29-இல், ஜெர்மன் தளபதியின் கீழ் இருந்த உஸ்மானியக் கப்பல்கள் கருங்கடலில் ரஷ்யத் துறைமுகங்களைத் தாக்கின. அதற்கு அனுமதி கொடுத்தவர் அன்வர். ஒரு பேரரசின் தலைவிதியை விரல்விட்டு எண்ணக்கூடிய சிலர் தீர்மானித்தார்கள். ஷூரா, அதாவது கலந்தாலோசனை, அங்கே நடக்கவில்லை. நிதி அமைச்சர் ஜாவித் உட்படச் சிலர் ராஜினாமா செய்தார்கள்.

நவம்பர் 14-இல் இஸ்தான்புல் ஃபாத்திஹ் பள்ளிவாசலில் ஜிஹாத் ஃபத்வா வாசிக்கப்பட்டது. பிரிட்டன், பிரான்ஸ், ரஷ்யாவின் கீழ் வாழும் முஸ்லிம்களும் எழ வேண்டும் என்றது அது. அதே வேளையில் ஜெர்மனியும் ஆஸ்திரியாவும் தோழர்கள். பொஸ்னியாவைப் பறித்த அதே ஆஸ்திரியா! மக்காவின் ஷரீஃப் ஹுசைன் ஃபத்வாவை ஆமோதிக்கவில்லை. 1916-இல் பிரிட்டிஷ் உதவியோடு கிளர்ச்சியே செய்தார். ஹைதராபாத் நிஜாம் பிரிட்டனுக்கு விசுவாசமாக இருக்கச் சொன்னார். 1915 பிப்ரவரியில் சிங்கப்பூரில் முஸ்லிம் சிப்பாய்கள் கலகம் செய்தபோது, துருக்கியரோடு போரிட அனுப்பப் போகிறார்கள் என்ற வதந்தியும் அதற்கு ஒரு காரணம். 47 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். இன்னொரு பக்கம், பஸ்ராவைப் பிடித்த பிரிட்டிஷ் படையில் பெரும்பாலோர் இந்தியச் சிப்பாய்கள். அவர்களில் முஸ்லிம்களும் உண்டு. சென்னைக்குப் போர் வந்தது 1914 செப்டம்பர் 22 இரவு, ஜெர்மன் கப்பல் எம்டன் எண்ணெய்க் கிடங்குகளைச் சுட்டபோது. கெட்டிக்காரனை "அவன் ஒரு எம்டன்" என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வது அதிலிருந்து வந்தது.

இனி அந்தச் சதிக் கேள்விக்கு வருவோம். உஸ்மானிய நிலத்தை மொத்தமாகப் பங்கு போடும் ஒப்பந்தங்கள் நிச்சயமாக எழுதப்பட்டன. ஆனால் எல்லாமே போர் தொடங்கிய பிறகு எழுதப்பட்டவை. 1915 மார்ச்சில் இஸ்தான்புல்லை ரஷ்யாவுக்குத் தருவதாகப் பிரிட்டனும் பிரான்சும் வாக்களித்தன. ஏப்ரலில் இத்தாலிக்கு அதன் பங்கு. 1916 மே மாதம் சைக்ஸ்-பிக்கோ ஒப்பந்தத்தில் ஷாமும் இராக்கும் கோடு போட்டுப் பிரிக்கப்பட்டன. 1917 நவம்பர் 2-இல் ஃபலஸ்தீனத்தில் யூதர்களுக்குத் தேசிய இல்லம் அமைக்க ஆதரவு தரும் பால்ஃபோர் அறிவிப்பு. அதே மாதம் ரஷ்யாவில் ஆட்சியைப் பிடித்த புரட்சியாளர்கள் ஜார் அரசின் ரகசியக் கோப்புகளைத் திறந்து பத்திரிகையில் அச்சிட்டார்கள். பிரிட்டனை நம்பிப் போரிட்டுக்கொண்டிருந்த ஷரீஃப் ஹுசைனுக்கு, சைக்ஸ்-பிக்கோவின் விவரத்தைச் சொல்லி அனுப்பியது எதிர்ப்பக்கத்தில் இருந்த ஜமால் பாஷா.